ஜுல்பிகார் கானும் நானும்

ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் செஞ்சிக்கு வந்து சேர்ந்தது 1690இல். கோட்டைக்குள் நுழைந்தது 1698இல். நடுவில் இருந்த காலத்தில் பெரும்பகுதி அடிவாரத்தில் கூடாரம் போட்டு, மலையை அண்ணாந்து பார்த்தபடி இருந்திருக்கிறார். வெளியூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு, எப்பேர்ப்பட்ட முற்றுகை என்று வாயைப் பிளக்கிறார்கள். செஞ்சிக்காரனான எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து நானும் அதைத்தான் செய்துவருகிறேன்.

திருவண்ணாமலை ரோட்டில் எனக்கு ஓர் உரக்கடை. கல்லாவில் உட்கார்ந்து கழுத்தை லேசாகத் திருப்பினால் ராஜகிரி தெரியும். மழை இறங்குமா என்று பார்ப்பதற்கும், யூரியாவைக் கடனாகக் கேட்கிறவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கும் அந்த மலைதான் எனக்குத் துணை. காரை நிறுத்தி வழி கேட்கிறவர்களுக்குக் கோட்டையின் பெருமையை விலாவாரியாக எடுத்துச் சொல்லுவேன். “நீங்க மேல ஏறியிருக்கீங்களா சார்?” என்று கேட்டால், “சின்ன வயசுல ஏறினது” என்பேன். இது என் பதில் மட்டுமல்ல, ஊரின் பதில். செஞ்சியில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். விருந்தாளிகளை டிக்கெட் கவுன்டர் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, புளியமர நிழலில் மல்லாட்டை உரித்துத் தின்றபடி காத்திருப்பதுதான் உள்ளூர்க்காரனின் கடமை.

எங்கள் பக்கத்தில் மலை என்பது சுற்றுவதற்கு உரியது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் சுற்றுவோம். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன். இரண்டு ஊருக்கும் போகிற கூட்டம் எங்கள் பஸ் ஸ்டாண்டைத் திணறடித்துவிட்டுத்தான் போகும். இரண்டு இடத்திலும் தரை சமம். அண்ணாமலையாரே மேலே வா என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. சுற்றிவிட்டுப் போ என்று விட்டுவிடுகிறார். அவருக்கே இல்லாத பிடிவாதம் என் மச்சினனுக்கு இருந்ததுதான் வினை.

2025 ஜூலை 11ஆம் தேதி யுனெஸ்கோ, மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று எங்கள் செஞ்சி. சிவாஜி 1677இல் இதைப் பிடித்து மதிலைப் பலப்படுத்திவிட்டுப் போனதற்கு, முந்நூற்றைம்பது வருஷம் கழித்துக் கிடைத்த பலன். கோனார்கள், விஜயநகரத்து நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று எத்தனை பேர் கைமாறிய சொத்து! என் தாத்தா வாங்கிய முக்கால் ஏக்கருக்கே வில்லங்கச் சான்றிதழ் மூன்று பக்கம் வருகிறது. செய்தி வந்த வாரம் முழுவதும், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த மதிலை நானே கொத்தனார் வைத்துக் கட்டியதைப் போலப் பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பகுதி போன் வழியாகச் சென்னைக்கும் போய்விட்டது.

மச்சினன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 மலைப்பாதைகளைத் திறந்துவிட்ட நாளிலிருந்து அவனுக்கு மலையேறும் பித்து. அதில் எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். அன்று முதல் அவன் உலகத்தையே அந்த மூன்று கட்டத்துக்குள் அடைத்துவிட்டான்.

“மாமா, உங்க ஊர் ராஜகிரி ரூட் பார்த்தேன். ஈஸி.”

“யாருக்குடா?”

“எல்லாருக்கும்தான். படி போட்டிருக்கு, செப்பனிட்டிருக்காங்க, ஆபத்தான இடத்துல கைப்பிடி இருக்கு. இதைவிட என்ன வேணும்?”

பக்கத்தில் நின்ற என் மனைவி, “நானும் வரேன்டா” என்றாள். அந்த இடத்திலேயே முற்றுகையின் போக்கு மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். காலில் ஐயாயிரம் ரூபாய் ஷூ, கையில் இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரம். இட்லி சாப்பிடும்போதே செல்போனில் படம் காட்ட ஆரம்பித்தான். கம்பெனி வேலையாக அமெரிக்கா போயிருந்தபோது ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் எடுத்தது. 1910களில் கார்களுக்காகப் போட்ட நெடுஞ்சாலை. புதுச் சாலை வந்ததும் கைவிடப்பட்டுக் கிடந்த துண்டுகளைச் சீர்செய்து, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் என்று திறந்துவிட்டிருக்கிறார்கள். அருவி, பாசி படிந்த கல் கைப்பிடிச்சுவர், தொப்பி போட்ட தாத்தா பாட்டிகள் என்று படம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. “பழைய பாதை, புதுப்பிச்ச பாதை, ஈஸியான நடை. இதேதான் மாமா செஞ்சியும்” என்றான்.

அதே அல்ல என்பதை அவனே உளறிவிட்டான். அந்தச் சாலையைப் போட்ட இன்ஜினீயர் சாமுவேல் லங்காஸ்டர், எந்த இடத்திலும் ஏற்றம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது, அகலம் 24 அடி இருக்க வேண்டும் என்று கறாராக இருந்தாராம். வருகிறவன் சுகமாக வரவேண்டும் என்று நினைத்த மனுஷன். ராஜகிரிப் பாதையைப் போட்டவர்களின் நினைப்பு நேர்மாறானது. வருகிறவன் வரவே கூடாது. வந்தால் மூச்சிரைக்க வரவேண்டும், ஒவ்வொரு வளைவிலும் மேலேயிருந்து கல்லோ குண்டோ விழ வசதியாக நின்று நின்று வரவேண்டும். இங்கும் ஒரு 24 அடி உண்டு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாதை அறுந்துபோய் 24 அடி அகலத்தில் பாறைப் பிளவு. ஆழம் 60 அடி. அமெரிக்காவில் 24 அடிக்குப் பாதை இருக்கிறது, இங்கே 24 அடிக்குப் பாதை இல்லை என்று இட்லியை வைத்துவிட்டு எடுத்துச் சொன்னேன். “அதான் பாலம் போட்டிருக்காங்களே” என்றாள் மனைவி.

எதிரி ஏறக் கூடாது என்று அரும்பாடுபட்டு அமைத்த வழியைத் தொல்லியல் துறை எதிரியின் சௌகரியத்துக்காகச் செப்பனிட்டு, டிக்கெட்டும் கொடுக்கிறது. கட்டியவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

கோட்டைக்குள் போனதும் ஜுல்பிகார் கானின் வழியைக் கடைப்பிடித்தேன். அவர் எட்டு வருஷமும் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. 1693இல் சோறு தண்ணிக்குத் திண்டாட்டம் வந்தபோது வந்தவாசிக்குப் போனார். 1694இல் தஞ்சாவூருக்குப் போய் மராட்டிய ராஜா ஷாஜியிடம் கப்பம் வசூல் பண்ணினார். மலையைத் தவிர எல்லாப் பக்கமும் போய்வந்தார். கிழவர் ஔரங்கசீப் இன்று போவார் நாளை போவார், அதுவரை இழுக்கலாம் என்று கான் வேண்டுமென்றே தாமதித்ததாகச் சரித்திரக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே நான் முதலில் கல்யாண மஹாலைக் காட்டினேன். எட்டடுக்குக் கோபுரம். கோட்டைக்கு வெளியே இருக்கும் குளத்திலிருந்து மண்குழாய் வழியாக ஆறாவது அடுக்குக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் இல்லை, கரண்டு இல்லை. இதை நான் ரசித்து விளக்கிக்கொண்டிருந்தபோது, “நம்ம வீட்ல மாடி பாத்ரூமுக்கு இன்னும் பக்கெட்லதான் தூக்கறேன்” என்று மனைவி மச்சினனிடம் சொன்னாள். அங்கிருந்து நகர்ந்தேன். களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், யானைக்குளம், குதிரை லாயம். லாயத்தின் ஒவ்வொரு கொட்டடியையும் நான் கவனமாகப் பார்த்தேன். 1597இல் இங்கே வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில்கூட இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்று எழுதியதைச் சொன்னேன். மச்சினன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “மாமா, இதுவரைக்கும் ஏறின உயரம் சைபர்னு காட்டுது” என்றான்.

வெங்கடரமணர் கோயிலைப் பார்க்கலாமே என்றேன். அது கோட்டையின் கிழக்கே, புதுச்சேரி வாசல் பக்கம், மலையிலிருந்து விலகி இருப்பது அதன் தனிச்சிறப்பு. அந்தக் கோயிலின் உயரமான செதுக்குத் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றைக்குக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம். யோசித்துப் பார்த்தால் செஞ்சியைப் பார்க்க ஆகச் சுலபமான இடம் புதுச்சேரி கடற்கரைதான். படி இல்லை, காற்று இருக்கிறது, பக்கத்திலேயே ஐஸ்கிரீம். “இப்பவே கிளம்பினா மத்தியானம் போயிடலாம்” என்றேன்.

என் மகள் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காகச் செஞ்சி வரலாற்றை எழுதியவள். “அப்பா, 1750 செப்டம்பர்ல புஸ்ஸின்னு ஒரு பிரெஞ்சுத் தளபதி, ஒரே ராத்திரியில கோட்டையோட மூணு மலையையும் பிடிச்சிட்டாரு” என்றாள்.

“பார்த்தீங்களா, இருட்டுல ஏறியிருக்கான்” என்றாள் அவள் அம்மா.

புஸ்ஸி பையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்க மாட்டான் என்பது என் கட்சி. புளிசோறு, தயிர்சோறு, வறுத்த மல்லாட்டை, தண்ணீர் பாட்டில்கள், சீத்தாப்பழம், போர்வை என்று எல்லாம் என் தோளில். யாருக்குப் போர்வை? மலைமேல் விரித்து உட்கார. உட்காருவதற்கு ஏறுவானேன்?

ஏற ஆரம்பித்தோம். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். எண்ணில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தப் படிகளில் ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம்; கால் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வரும்போது மலை வேறு கணக்குப் போடுகிறது. வாசல் ஒன்றைத் தாண்டினால் இன்னொரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் நின்று கட்டடக் கலையை ஆராய்ந்தேன். கல்லில் கை வைத்து, குனிந்து, நெடுநேரம் ஆராய்ந்தேன். கீழே இறங்கி வந்த கல்லூரிப் பையன்கள், “அங்கிள், தண்ணி வேணுமா?” என்றார்கள்.

கமலக்கண்ணி அம்மன் கோயில் வந்ததும் எனக்குத் தாங்க முடியாத பக்தி வந்துவிட்டது. ராஜகிரிக்கே ஒரு காலத்தில் கமலகிரி என்றுதான் பெயர். அம்மன் இந்த மலைக்குச் சொந்தக்காரி. சொந்தக்காரி வீட்டில் உட்காராமல் போவது மரியாதையா? கண்ணை மூடி உட்கார்ந்தேன். குடும்ப க்ஷேமம், கடை வரவு, மச்சினனுக்கு நல்ல புத்தி என்று ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டிருந்த வேளையில்தான் தாக்குதல் நடந்தது.

முகலாயர் முகாமை மராட்டியத் தளபதி சந்தாஜி கோர்படேவின் குதிரைப்படை எப்படிச் சீரழித்தது என்பதைப் படித்திருக்கிறேன். நேருக்கு நேர் நிற்க மாட்டார்கள். திடீரென வருவார்கள், உணவு வண்டியை மறிப்பார்கள், மறைந்துவிடுவார்கள். ராஜகிரிக் குரங்குகள் அந்தப் படையில் பயிற்சி எடுத்தவை. ஒன்று எதிரே நின்று பல்லைக் காட்டி என் கவனத்தைத் திருப்பியது. மற்றது பின்னாலிருந்து பையின் ஜிப்பைத் திறந்தது. ஜிப்பைக் கிழிக்கவில்லை, திறந்தது. புளிசோறு போயிற்று, சீத்தாப்பழம் போயிற்று. தயிர்சோற்று டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டது. “உப்புப் போடலையா?” என்று மனைவியைக் கேட்டேன். அதற்கப்புறம் மேலே ஏறுவதே எனக்குப் பாதுகாப்பாகப் பட்டது.

ஜுல்பிகார் கானுக்கும் குடும்பத்தாரால் தொல்லை உண்டு. 1691 கடைசியில் அவருடைய அப்பா அசத் கானும், ஔரங்கசீப்பின் பிள்ளை காம் பக்ஷும் உதவிக்கு என்று வந்து இறங்கினார்கள். உதவிக்கு வந்த இளவரசர், கோட்டைக்குள் இருந்த மராட்டிய ராஜா ராஜாராமோடு ரகசியமாகப் பேச்சு நடத்த, அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து இளவரசரைக் காவலில் வைத்தார்கள். மச்சினனைப் பற்றி எனக்கும் அப்படி ஓர் எண்ணம் வந்தது. அவனோ பத்துப் படி முன்னால் போய், திரும்பி நின்று, நான் ஏறுவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வீடியோ இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடுகிறது. மதுராந்தகத்துச் சித்தப்பா, ‘உடம்பைப் பார்த்துக்கப்பா’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

இந்த ஊரில் சிரமமில்லாமல் மேலே இருந்தவன் ராஜா தேசிங்கு ஒருவன்தான். அவனும் இறங்கிவிட்டான். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டு வந்தபோது, இந்த மலைமேல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நவாப் எத்தனை வருஷம் காத்திருந்திருப்பாரோ. இருபத்திரண்டு வயதுப் பையன். சில நூறு குதிரைகளோடு சமவெளிக்கு இறங்கிப் பெரும்படையோடு மோதினான், விழுந்தான். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. அவன் மனைவி தீக்குளித்தாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை. எட்டு வருஷம் காத்து ஜெயித்த ஜுல்பிகார் கானுக்கு எங்கள் ஊரில் ஒரு டீக்கடைகூட இல்லை. தோற்ற தேசிங்குக்குக் கதைப்பாட்டு இருக்கிறது, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் இருக்கிறது, ஆட்டோவின் முதுகில் பெயர் இருக்கிறது. காத்திருப்பவனை ஜனங்கள் மதிப்பதே இல்லை.

பாலம் வந்தது. முன்பெல்லாம் இந்தப் பாலத்தை எடுத்துவிட்டால், ஒரு சிலர் நின்று ஒரு சேனையையே தடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது தடுக்க யாரும் இல்லாதது பெரிய குறை. மனைவி விறுவிறுவென்று தாண்டிவிட்டாள். வீட்டில் பரண்மேல் ஏறிப் பாத்திரம் எடுக்க என்னைக் கூப்பிடுகிற அதே பெண்மணி! நடுவில் நின்று கீழே பார்க்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னதால் கீழே பார்த்தேன். அறுபது அடி என்பது நியாயமான கணக்குதான்.

1698இல் ஜுல்பிகார் கான் ஒருவழியாக உள்ளே நுழைந்தபோது ராஜாராம் அங்கில்லை. முன்கூட்டியே நழுவி, வேலூர் வழியாக மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். எட்டு வருஷக் காத்திருப்புக்குக் கிடைத்தது, ஆள் போன வீடு. நான் உச்சிக்குப் போனபோதும் அதே கதை. என் குடும்பத்தார் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், கஜானா, மணிக்கூண்டு, பீரங்கி எல்லாவற்றையும் பார்த்து முடித்து, பீரங்கி பக்கத்தில் படமும் எடுத்து, இறங்குவதற்குத் தயாராக நின்றார்கள்.

“வாங்க, வாங்க. கிளம்பலாமா?” என்றாள் மனைவி.

போர்வையை விரித்து உட்கார்ந்தேன். பேரரசர் கோட்டைக்கு என் பட்டப்பெயரை வைத்தாலொழிய எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம். கானுக்கு அப்படித்தான் வைத்தார்கள்: நுஸ்ரத்கட். காற்று அடித்தது. கிருஷ்ணகிரியும் சந்திராயன் துர்க்கமும் எதிரெதிரே நிற்க, மூன்று மலையையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு 13 கிலோமீட்டர் மதில் வயலுக்கும் பாறைக்கும் நடுவே ஓடுகிறது. நன்றாகத்தான் இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

“மாமா, உங்க கடை தெரியுது!” என்று மச்சினன் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிக் காட்டினான். போர்டு தெரிந்தது. அரை ஷட்டர் தெரிந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காலை மூட்டைமேல் நீட்டி, கடைப்பையன் இந்த மலையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே யாரோ வாடிக்கையாளர் கைகட்டி நின்றார். பையன் அவர் பக்கம் திரும்பவில்லை. கடன் கேட்கிறவராக இருக்கும். தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டான்.

“அடுத்த வாரம் ராணிக் கோட்டை” என்று மச்சினன் கிருஷ்ணகிரியைக் காட்டினான். “இதைவிட உயரம் கம்மி. அதுவும் ஈஸிதான்.”

“அங்கதானே எண்ணெய்க் கிணறும் நெய்க் கிணறும் இருக்குது? கிணறு நிறைய நெய் வெச்சிருந்தாங்களாம்டா” என்றாள் மனைவி. இந்த மாதம் நெய் என்ன விலைக்கு விற்கிறது என்ற பேச்சு அடுத்து வரும் என்று தெரிந்ததால் குறுக்கிட்டேன்.

1761 தொடக்கத்தில் இங்கே பிரெஞ்சுக்காரர்களின் தளபதியாக இருந்தவர் மெக்ரெகர். இங்கிலீஷ் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் அடிவாரத்துக்கு வந்து சரணடையச் சொன்னார். லட்சம் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் மூன்று வருஷத்துக்கு இந்த மலைகளைத் தொட முடியாது என்று மெக்ரெகர் மிடுக்காகப் பதில் அனுப்பினார். புதுச்சேரி ஏற்கெனவே விழுந்திருந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி, நிபந்தனை பேசி, சரணடைந்துவிட்டார்.

“மூணு வருஷத்துக்கு நான் எந்த மலைப் பக்கமும் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்” என்று அறிவித்தேன்.

“ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணி மாமா” என்றான் மச்சினன்.

“ஆறு மணிக்கு எவன் டிக்கெட் கிழிப்பான்? டிபன் முடிச்சிட்டுத்தான் வருவேன். பை உன் தோள்ல. நெய்க் கிணத்துக்கு மேல ஒரு படிகூட ஏற மாட்டேன்.”

“சரி மாமா.”

“போர்வை நான் எடுத்துக்கறேன்.”